பெட்டி உடையாத வரை

ஒரே புட்டி. உள்ளே இருப்பதும் ஒரே திராட்சை மது. ஆற்றுக்கு இந்தக் கரையில் அது வியாபாரச் சரக்கு. அந்தக் கரையில் குற்றத்துக்குச் சாட்சி. நடுவில் ஓடுகிற தண்ணீரில் ஏதோ மாயம் கலந்திருக்கிறது என்று குழந்தைக் கதையில் எழுதலாம். ஆனால் இது குழந்தைக் கதை அல்ல. அமெரிக்காவில் மிஸிஸிப்பி நதியின் இரு கரைகளிலும் பல ஆண்டுகள் உண்மையாகவே நடந்த கதை. கிழக்கே இல்லினாய் மாநிலம்; அங்கே மது காய்ச்சலாம், விற்கலாம். மேற்கே அயோவா மாநிலம், அங்கே மதுவிலக்கு. இரண்டையும் இணைக்க ரயில் பாலங்கள் இருந்தன. ரயிலுக்கு எல்லைக்கோடு தெரியுமா? அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மது நல்லதா, கெட்டதா என்ற விவாதத்துக்குள் நான் போகப் போவதில்லை. அதற்கு வேறு மேடைகள் இருக்கின்றன. ஒரு சரக்குப் பெட்டியின் பின்னால், அது போன வழியிலேயே, சட்டம் ஓடிய ஓட்டத்தைத்தான் சொல்லப் போகிறேன். கதை எழுதுகிறவனுக்கு அந்த ஓட்டத்தில் கிடைக்கிற மனித சுபாவம், எந்தக் கற்பனையிலும் கிடைக்காது.

1787-இல் அமெரிக்க அரசியல் சாசனத்தை எழுதியவர்கள் மாநிலங்களுக்கு இடையே நடக்கும் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மத்தியக் காங்கிரஸிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு மாநிலமும் தன் எல்லையில் சுங்கச் சாவடி போட்டு அடுத்த மாநிலத்துச் சரக்கை வதைத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். அதே சமயம், தன் மக்களின் ஆரோக்கியத்தையும் ஒழுக்கத்தையும் காக்கும் பொறுப்பு மாநிலத்துக்கே இருந்தது. ஒரு வீட்டில் இரண்டு சாவிக்கொத்து. மற்ற சரக்குகளுக்கு இது பெரிய தொல்லையாகவில்லை. மது வந்தபோதுதான் இரண்டு சாவியும் ஒரே பூட்டில் மோதிக்கொண்டன.

1827-இல் பிரதம நீதிபதி ஜான் மார்ஷல், வெளிநாட்டு இறக்குமதி பற்றிய ஒரு வழக்கில் ஒரு கருத்தைச் சொன்னார். வந்த சரக்கு, வந்த பெட்டியிலேயே, உடைக்கப்படாமல், இறக்குமதி செய்தவன் கையிலேயே இருக்கும் வரை அது இறக்குமதிச் சரக்குதான். மாநிலம் அதன்மேல் வரி போட முடியாது. பெட்டி உடைந்து ஊர்ச் சரக்கோடு கலந்த பிறகே மாநிலத்தின் கை அதை எட்டும். இதற்கு 'மூலப் பெட்டித் தத்துவம்' என்று பெயர். கேட்பதற்கு எவ்வளவு தெளிவாக இருக்கிறது! இந்தத் தெளிவுதான் பின்னால் எல்லாரையும் தலைசுற்ற வைத்தது.

1851-இல் மேய்ன் மாநிலம் மதுவிலக்குச் சட்டம் செய்து வழிகாட்டியது. வேறு சில மாநிலங்களும் அந்தப் பாதையில் போயின. அயோவா, தன் மண்ணில் விற்பனையைத் தடுத்தால் மட்டும் போதாது, ரயிலில் வருவதையும் தடுக்க வேண்டும் என்று எண்ணியது. உரிய சான்றிதழ் இல்லாமல் மதுவை ஏற்றி வரக் கூடாது என்று ரயில்வே கம்பெனிகளுக்குக் கட்டளையிட்டது. சிகாகோவிலிருந்து அயோவாவில் உள்ள மார்ஷல்டவுன் என்ற ஊருக்கு 5,000 பீப்பாய் பீர் அனுப்ப வந்த ஒரு வியாபாரியை ரயில்வே கம்பெனி திருப்பி அனுப்பிவிட்டது. அவர் கோர்ட்டுக்குப் போனார். 1888-இல் சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மாநிலம் விட்டு மாநிலம் வரும் சரக்கை வாசலிலேயே மறிக்க அயோவாவுக்கு அதிகாரம் இல்லை என்றது.

சரி, வாசலில் மறிக்க முடியாது. உள்ளே வந்த பிறகு? அந்தக் கேள்வியும் சீக்கிரமே வந்தது. இல்லினாயில் பியோரியா நகரத்து லெய்ஸி கம்பெனி, நதிக்கு அக்கரையிலுள்ள கியோகக் என்ற ஊருக்குப் பீர் பீப்பாய்களையும் முத்திரையிட்ட பெட்டிகளையும் அனுப்பியது. ஊர்க் காவல் அதிகாரி ஹார்டின் அவற்றைப் பறிமுதல் செய்தார். 1890 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், முத்திரை உடையாத பெட்டியாகவே விற்கிற வரையில் அதைத் தடுக்க மாநிலத்துக்கு உரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது.

வியாபாரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொன்னாலே போதும். அதன் அளவையும் சொல்லிவிட்டால்? பெட்டிகள் சிறியவை ஆயின. ஒரு புட்டியே ஒரு முத்திரையிட்ட பெட்டி ஆயிற்று! அயோவாவிலும் கன்ஸாஸிலும் 'மூலப் பெட்டிக் கடை' என்றே பெயர் போட்டுக் கடைகள் முளைத்தன. உள்ளூர்க்காரன் விற்றால் சிறை. வெளியூர்க்காரனின் ஏஜெண்டு முத்திரையோடு விற்றால் மரியாதை. மதுவிலக்குக்காக ஓட்டுப் போட்ட மக்கள் திகைத்துப் போனார்கள். தங்கள் ஊரைப்பற்றித் தாங்களே செய்த முடிவுக்கு ஒரு மரப்பெட்டியின் மூடி அளவுகூட மதிப்பில்லையா என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

காங்கிரஸ் விழித்துக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் தேதி வில்ஸன் சட்டம் கையெழுத்தாயிற்று. மது ஒரு மாநிலத்துக்குள் 'வந்து சேர்ந்தவுடன்', பெட்டி உடைந்தாலும் உடையாவிட்டாலும், அந்த மாநிலத்தின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்று அது கூறியது. மறுநாளே கன்ஸாஸின் டொபீகா நகரில் விற்பனை செய்த ஓர் ஏஜெண்டு கைதானார். அவருடைய வழக்கில் அந்தச் சட்டம் செல்லும் என்று 1891-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பிரச்னை தீர்ந்தது என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. 'வந்து சேர்வது' என்றால் என்ன?

இந்த ஒரு வார்த்தைக்காக அயோவாவில் பிரைட்டன் என்ற ஊரின் ரயில் நிலைய ஏஜெண்டு ஒருவர் சுப்ரீம் கோர்ட் வரை போக நேர்ந்தது. அவர் செய்த குற்றம் இதுதான்: இல்லினாயிலிருந்து வந்து பிளாட்பாரத்தில் இறங்கிய ஒரு மதுப் பெட்டியை, சில அடி தூரத்தில் இருந்த சரக்குக் கிடங்குக்குள் நகர்த்தி வைத்தார். வண்டியிலிருந்து இறங்கியதுமே அது வந்து சேர்ந்துவிட்டது. ஆகவே அதை நகர்த்தியது மாநிலச் சட்டப்படி குற்றம் என்றது அயோவா. 1898-இல் சுப்ரீம் கோர்ட் இல்லை என்றது. உரியவர் கையில் ஒப்படைக்கும் வரையில் பயணம் முடியவில்லை. பிளாட்பாரத்துக்கும் கிடங்குக்கும் நடுவில் உள்ள அந்தச் சில அடிகளில் ஒரு தேசத்தின் அரசியல் சாசனமே நின்று மூச்சு வாங்கியிருக்கிறது!

அதே ஆண்டில் திராட்சை மதுவைப்பற்றியே ஒரு வழக்கு தீர்ந்தது. தென் கரோலினா மாநிலம் 1893 முதல் மது விற்பனையைத் தானே ஏற்று நடத்தி வந்தது. தனியார் யாரும் விற்கக் கூடாது. கலிபோர்னியாவின் வாண்டர்குக் கம்பெனி, தென் கரோலினாவில் உள்ளவர்களிடம் நேராக ஆர்டர் வாங்கி ரயிலில் ஒயின் அனுப்பியது. மாநில அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். விற்பனையை மாநிலம் தன் ஏகபோகமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்கு வேறு மாநிலத்திலிருந்து தருவித்துக்கொள்வதைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. விளைவு, மதுவிலக்கு மாநிலங்களின் ரயில் நிலையங்களில் தபால் ஆர்டர் மது வந்து குவிந்தது.

இந்தப் பெட்டித் தத்துவம் கடல் கடந்து நம் நாட்டுக் கோர்ட்டு வாசலையும் ஒருமுறை தட்டியது. பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தை எதிர்த்து எஃப். என். பல்ஸாரா தொடுத்த வழக்கில், இறக்குமதி அதிகாரம் மத்திய சர்க்காருடையது. ஆகவே இறக்குமதியான மதுவை மாநிலம் தொட முடியாது என்ற வாதம் எழுந்தது. 1951-இல் நம் சுப்ரீம் கோர்ட் அமெரிக்காவின் மூலப் பெட்டித் தத்துவத்தை எடுத்துப் பார்த்து, இந்த நாட்டில் அதற்கு இடமில்லை என்று ஒதுக்கிவிட்டது. மது பற்றிய அதிகாரம் நம் சாசனத்தில் மாநிலங்களின் பட்டியலிலேயே நேராக எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்கர்கள் நூறாண்டுக்கு மேல் சண்டை போட்டுக் கற்றதை நாம் ஒரு வரியில் எழுதிக்கொண்டோம். பிறர் பட்ட அடியால் புத்தி பெறுவதும் ஒரு சாமர்த்தியந்தான்.

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். 1913-இல் காங்கிரஸ் வெப்-கென்யன் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரு மாநிலத்தின் சட்டத்தை மீறும் நோக்கத்துடன் அந்த மாநிலத்துக்குள் மது அனுப்புவதே குற்றம் என்றது அது. ஜனாதிபதி டாஃப்ட், இது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று கையெழுத்துப் போட மறுத்தார். காங்கிரஸ் அவர் மறுப்பையும் மீறிச் சட்டமாக்கியது. 1917-இல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்றது. அதே 1917-இல், மிசௌரியின் செனட்டர் ரீட் ஒரு திருத்தம் கொண்டு வந்தார். தயாரிப்பையும் விற்பனையையும் தடுத்த மாநிலங்களுக்குள், சொந்த உபயோகத்துக்குக்கூட வெளியிலிருந்து மது கொண்டு போகக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், ரீட் மதுவிலக்குக்காரரே அல்லர், அதன் எதிரி. இவ்வளவு கடுமையாகப் போட்டால் மதுவிலக்குக்காரர்களே பின்வாங்குவார்கள் என்று எண்ணினார் போலும். அவர்கள் மகிழ்ச்சியோடு ஓட்டுப் போட்டுவிட்டார்கள்! கிண்டலுக்குச் செய்த வலை கெட்டியான வலையாகவே அமைந்துவிட்டது.

அந்த வலையில் விழுந்தவர் ஹில் என்பவர். கென்டக்கியிலிருந்து மேற்கு வர்ஜீனியாவுக்குத் தம் சொந்த உபயோகத்துக்கு ஒரு குவார்ட் மது - ஏறக்குறைய ஒரு லிட்டர் - கொண்டு போனார். மேற்கு வர்ஜீனியாவின் சொந்தச் சட்டப்படி, மாதத்துக்கு அவ்வளவு கொண்டு வரலாம். ஆனால் மத்தியச் சட்டப்படி குற்றம். மாநிலமே மன்னித்ததை மத்திய சர்க்கார் தண்டிக்கலாம் என்று 1919-இல் தீர்ப்பாயிற்று. மாநிலத்தின் மனச்சாட்சியைக் காப்பாற்றுவதற்கென்று தொடங்கிய சட்டம், மாநிலத்தின் மனச்சாட்சியையே தாண்டிப் போய்விட்டது.

1920 ஜனவரி 17 முதல் நாடு முழுவதும் மதுவிலக்கு. மாநில எல்லைகளுக்கு இனி என்ன வேலை? எல்லாக் கரையும் ஒரே கரைதானே? ஆனால் வால்ஸ்டெட் சட்டத்தில் ஒரு சின்ன ஜன்னல் திறந்திருந்தது. வீட்டு உபயோகத்துக்காகப் பழரசம் தயாரித்துக்கொள்ளலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 200 காலன் வரை என்று நடைமுறையில் கணக்கு வைத்தார்கள். பழரசத்தைக் கொஞ்ச நாள் பாத்திரத்தில் விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பது இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய எந்தப் பாட்டிக்கும் தெரியும்.

சட்டம் மதுவை ரயிலிலிருந்து இறக்கியது. மது உடையை மாற்றிக்கொண்டு திராட்சையாக ஏறி உட்கார்ந்தது. கலிபோர்னியாவிலிருந்து சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் வேகன் வேகனாகத் திராட்சை போயிற்று. தோட்டக்காரர்கள் நல்ல ஜாதிக் கொடிகளை வெட்டி எறிந்துவிட்டு, அலிகாண்டே பூஷே என்ற ரகத்தை நட்டார்கள். அதன் ரசம் சுமார்தான். ஆனால் தோல் தடிப்பானது. கண்டம் தாண்டும் ரயில் பயணத்தைத் தாங்கும். சதையும் சிவப்பு, தண்ணீர் கலந்து பிழிந்தாலும் நிறம் குறையாது. எந்தப் பழம் சுவை என்பதைச் சட்டமும் ரயிலும் சேர்ந்து தீர்மானித்த காலம் அது.

பிறகு திராட்சைச் சாறு இறுகிப்போய்க் கட்டியாகவும் வந்தது. 'இதைத் தண்ணீரில் கரைத்து அலமாரியில் இத்தனை நாள் வைத்துவிடாதீர்கள். ஒயின் ஆகிவிடும்' என்ற எச்சரிக்கையோடு விற்றதாகச் சொல்வார்கள். எச்சரிக்கையா, செய்முறையா? 'வைன்-குளோ' என்ற பெயரில் சாற்றைப் பீப்பாயில் நிரப்பி வீட்டுக்கே கொண்டு வந்து இறக்கிய ஸ்தாபனத்துக்கு வக்கீலாக இருந்தவர் மேபல் வாக்கர் வில்லிபிராண்ட் என்ற பெண்மணி. அவர் யார் தெரியுமா? 1929 வரை மத்திய சர்க்காரின் நீதி இலாகாவில் இருந்து மதுவிலக்கு வழக்குகளை நடத்தியவர். நாவலில் இப்படி ஒரு பாத்திரத்தைப் படைத்தால் 'நம்ப முடியவில்லை' என்று வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள். 1931-இல், இதுபோன்ற சரக்கை விற்ற வேறொரு கம்பெனிக்கு எதிராகக் கோர்ட்டில் தீர்ப்பான பிறகு, வைன்-குளோவும் நின்றது.

1933 டிசம்பர் 5-ஆம் தேதி மதுவிலக்கு ரத்தாயிற்று. ரத்துச் செய்த 21-ஆவது திருத்தத்தின் இரண்டாம் பிரிவைக் கவனிக்க வேண்டும். எந்த மாநிலத்தின் சட்டத்துக்கு விரோதமாகவும் அந்த மாநிலத்துக்குள் மதுவைக் கொண்டு செல்லக் கூடாது என்பது அதன் சாரம். கியோகக் நகரத்துப் பெட்டியும், பிரைட்டன் பிளாட்பாரமும் பட்ட பாடெல்லாம் இந்தப் பிரிவுக்குள் அடங்கியிருக்கின்றன. இனி யாரும் முத்திரையைக் காட்டி ஒரு மாநிலத்தை ஏமாற்ற முடியாது. மதுவிலக்கை விரும்பும் மாநிலம் வைத்துக்கொள்ளலாம். மிஸிஸிப்பி மாநிலம் 1966 வரை வைத்துக்கொண்டது.

ஆனால் வேலி போட்டவர்களின் நோக்கம் ஒன்று. வேலிக்கு உள்ளே உட்கார்ந்தவர்களின் நோக்கம் வேறு. பெரும்பாலான மாநிலங்கள் மூன்று படி முறையை ஏற்படுத்தின. தயாரிப்பவர் மொத்த வியாபாரிக்கு விற்க வேண்டும், மொத்த வியாபாரி கடைக்காரருக்கு, கடைக்காரர் குடிமகனுக்கு. பழைய நாளில் தயாரிப்பாளர்களே கடைகளைக் கைக்குள் வைத்துக்கொண்டு குடியை வளர்த்தார்கள். அதைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. நியாயமான ஏற்பாடுதான். நாளடைவில் நடுப்படியில் நின்றவர்கள் வலுவாகிவிட்டார்கள். 1936-இலேயே சுப்ரீம் கோர்ட் அவர்களுக்குச் சாதகமான ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தது. வெளி மாநிலத்துப் பீரைத் தருவிப்பவரிடம் கலிபோர்னியா 500 டாலர் தனிக் கட்டணம் கேட்ட வழக்கில், முழுவதையுமே தடுக்க அதிகாரம் பெற்ற மாநிலம், கட்டணம் கேட்பதில் என்ன தவறு என்று எழுதினார் நீதிபதி பிராண்டைஸ். அந்த நிழலில் எழுபது ஆண்டு ஓடியது.

இந்த ஏற்பாட்டில் அடிபட்டவர் சின்னத் தோட்டக்காரர். ஆண்டுக்குச் சில ஆயிரம் புட்டி செய்கிறவருக்காக எந்த மொத்த வியாபாரி லாரி அனுப்புவார்? வர்ஜீனியாவில் மிடில்பர்க் என்ற ஊர்ப்பக்கம் வொனிடா ஸ்வீடன்பர்க் என்ற மூதாட்டி திராட்சை பயிரிட்டு ஒயின் செய்து வந்தார். வெளி மாநிலத்தார் தோட்டத்துக்கு வந்து ருசி பார்ப்பார்கள். 'எங்கள் ஊருக்கு அனுப்ப முடியுமா?' என்று கேட்பார்கள். முடியாது. நியூயார்க் மாநிலம் தன் சொந்தத் தோட்டக்காரர்கள் வீட்டுக்கே அனுப்ப அனுமதித்தது. வெளி மாநிலத்தாரானால், நியூயார்க்கிலேயே அலுவலகமும் கிடங்கும் வைத்தால்தான் அந்தச் சலுகை. சில மாநிலங்கள் 1990-களில், உரிமமில்லாமல் அனுப்புவதைக் கடுங்குற்றமாகவே ஆக்கியிருந்தன.

மூதாட்டி வழக்குத் தொடுத்தார். அதுவும் மிச்சிகன் மாநிலத்து வழக்கும் சேர்ந்து 2005 மே 16-ஆம் தேதி முடிவுக்கு வந்தன. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறு பக்கம். மாநிலம் மதுவைத் தடுக்கலாம், கட்டுப்படுத்தலாம். ஆனால் உள்ளூர்த் தோட்டத்துக்கு ஒரு நீதி, வெளியூர்த் தோட்டத்துக்கு ஒரு நீதி என்று பாகுபாடு செய்ய முடியாது என்றது தீர்ப்பு. சிறுவர்கள் கையில் மது போய்விடும், வரி போய்விடும் என்று மாநிலங்கள் வாதித்தன. உள்ளூர்ப் புட்டி போகாத வழியில் வெளியூர்ப் புட்டி மட்டும் எப்படிப் போகும்? பெறுகிறவர் வயது வந்தவர்தானா என்று பார்த்துக் கையெழுத்து வாங்கலாம். அனுமதி பெற்றவர் வரி கட்டலாம். வழி இருக்கிறது என்றார்கள் நீதிபதிகள். இதன் பிறகு நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு நேராக அனுப்ப வழி செய்தன.

அப்படியானால் ஒரு தனி மனிதர் நூறு பெட்டி ஒயினை வண்டியில் ஏற்றி மாநிலம் மாநிலமாகப் போகலாமா? அதுதான் இல்லை. தீர்ப்பு திறந்தது தோட்டக்காரரின் கதவை. அதிலும் உரிமம், வரி, அளவு என்று மூன்று தாழ்ப்பாள். பென்சில்வேனியாவில் மது விற்பனை மாநிலத்தின் கையில் இருக்கிறது. 2014-இல் அங்கே ஓர் ஒயின் ரசிகரின் வீட்டு நிலவறையிலிருந்து 2,400-க்கு மேற்பட்ட புட்டிகளைப் போலீசார் அள்ளிச் சென்றார்கள். வெளியிலிருந்து தருவித்த அருமையான சரக்கை உரிமமில்லாமல் விற்றார் என்பது குற்றச்சாட்டு. அந்த மாநிலம் நேரடி அனுப்புதலுக்குத் தாராளமாகக் கதவு திறந்தது 2016-இல்தான். மத்தியத் தபால் இலாகாவுக்கோ 1909-இல் போட்ட தடை நூறாண்டைத் தாண்டியும் நீடித்தது. தபாலில் ஒரு புட்டிகூடப் போகக் கூடாது.

2019-இல் இன்னொரு வழக்கு. மகளின் உடல்நிலைக்காக யூட்டாவிலிருந்து டென்னஸி மாநிலத்துக்குக் குடிவந்த ஒரு தம்பதி, மதுக்கடை ஒன்றை வாங்கினார்கள். இரண்டு ஆண்டு அங்கே வசித்தவருக்குத்தான் உரிமம் என்று சட்டம். உள்ளூர்க் கடைக்காரர் சங்கம் அதைப் பிடித்துக்கொண்டு வழக்காடியது. இரண்டு ஆண்டு வசித்தால் மது விற்பதில் என்ன பக்குவம் வந்துவிடுகிறது? ஏழு நீதிபதிகள் தம்பதியின் பக்கம் நின்றார்கள். மாநிலத்தின் அதிகாரம் மக்கள் நலத்துக்காக. உள்ளூர் வியாபாரிக்குப் போட்டி வராமல் காப்பதற்காக அல்ல என்று தீர்ப்பாயிற்று.

மூலப் பெட்டியிலிருந்து இந்தக் கடை வரை வந்தால், கேள்வி மாறிவிட்டதைக் காணலாம். பெட்டி எங்கே இருக்கிறது, உடைந்ததா, பிளாட்பாரத்தைத் தாண்டியதா என்று முதலில் கேட்டார்கள். வேலி எதைக் காக்கிறது என்று கேட்பதற்கு நெடுங்காலம் ஆயிற்று. 1890-இல் அயோவாவின் குடும்பத் தலைவி தன் வீட்டுக்காரரின் கூலி கடையில் கரையாமல் இருக்க வேண்டுமென்று அந்த வேலியைக் கேட்டாள். அதில் ஒரு புனிதம் இருந்தது. அதே வேலியைப் பிற்காலத்தில் ஒரு வியாபாரி, அடுத்த ஊர்க்காரனின் புட்டி தன் கடைப்பக்கம் வராமல் இருக்கக் கேட்டான். வேலியில் இரண்டு முள்ளும் ஒரே மாதிரிதான் குத்தும். யாருக்காகக் குத்துகிறது என்பதை அவ்வப்போது சென்று பார்க்க வேண்டியது வேலி போட்டவர்களின் கடமை. அமெரிக்கர்களுக்கு அதை நினைவூட்டுவதற்கு ஒரு கிழவியும் அவளுடைய திராட்சைத் தோட்டமும் தேவைப்பட்டன.